இரண்டாவது பரிசோதனை

செம்பூர்,
12 ஜூன் 2023

அன்புள்ள ஹனீபுக்கு,

நாகராஜ் எழுதுகிறேன். நலம். ஃபோன் இருக்கும்போது இவன் ஏன் இன்னும் பேனாவைப் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று சிரிப்பாய். வேலூருக்குப் படிக்கப் போனபோது ஆரம்பித்த பழக்கம். உன்னிடம் முக்கியமாக ஒன்று கேட்க வேண்டுமென்றால் எனக்குக் காகிதம்தான் வருகிறது.

மூன்று மாதத்தில் மூன்று பேர் என்னிடம் வந்தார்கள். மூவரும் தாராவியில் தோல்பை செய்யும் கார்கானாக்களில் ஒட்டுவேலை பார்ப்பவர்கள். பாதம் மரத்துப்போய்விட்டது, கால் விரல்களைத் தூக்க முடியவில்லை. சர்க்கரை நோயும் இல்லை. இருபத்தாறு வருடமாகக் கை கால் நரம்புகளைத்தான் ஆராய்கிறேன். இதுவரை எழுதியதெல்லாம் மற்றவர்கள் சொன்னதைத் திரும்பச் சொன்னதுதான். இதில் என்னுடையது என்று ஒன்று கிடைக்கும் போலிருக்கிறது.

உன் கார்கானாவில் இருக்கும் பதினான்கு பேரையும் சோதித்துப் பார்க்கவிடுவாயா? உன் பெயரோ இடத்தின் பெயரோ எங்கும் வராது.

உன்,
நாகராஜ்

---

தாராவி,
9 ஜூலை 2023

அன்பு நாகராஜுக்கு,

அல்லாஹ் கிருபையால் எல்லோரும் சுகம். தாராவியை விட்டுப் போய் முப்பத்தைந்து வருடத்தில் நீ என் கார்கானாப் படி ஏறியதில்லை. கடைசியில் நரம்பைத் தேடித்தான் வந்தாய். போகட்டும், வந்தாயே.

நீ போன பிறகும் இங்கே அதே பேச்சுதான். வயதில் மூத்த ஆறுமுகநயினார், காலில் வயரை ஒட்டியபோது பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். பேராச்சி கேட்டாளே, "என்னய்யா, கரண்டு வருதா இல்லியா? எனக்கு ஒண்ணுமே தெரியலியே" என்று, அதற்கும் எல்லோரும் சிரித்தோம். நீ சிரிக்கவில்லை. உன்னோடு வந்து மெஷினைப் பார்த்துக்கொண்ட ஷ்ருதிப் பெண்ணும் சிரிக்கவில்லை.

என் மகள் ஃபர்ஸானாவையும் சோதித்தாயே, பி.காம். முடித்ததிலிருந்து பேராச்சியோடு உட்கார்ந்து பைகளுக்கு உள்துணி ஒட்டுகிறாள். சும்மா இருக்கப் பிடிக்கவில்லையாம்.

முடிவு என்ன என்று ஆட்கள் தினமும் கேட்கிறார்கள். எதுவானாலும் எழுது. என்னைத் தவிர இந்த வீட்டில் தமிழ் வாசிக்க ஆளில்லை. ஒளிக்க வேண்டியதில்லை.

உன்,
ஹனீப்

---

செம்பூர்,
20 ஜூலை 2023

அன்புள்ள ஹனீபுக்கு,

ஒரு பரிசோதனையை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஜனவரியில் இரண்டாவது பரிசோதனை. அதே ஆட்கள், அதே இடம், அதே வேலை. அதுவரை எதையும் மாற்றாதே. மாற்றினால் ஒப்பிட முடியாமல் போய்விடும். ஆட்களிடம் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்.

உன்,
நாகராஜ்

---

தாராவி,
2 டிசம்பர் 2023

அன்பு நாகராஜுக்கு,

நேற்று மாட்டுங்கா ஸ்டேஷன் படியில் ஃபர்ஸானாவின் செருப்பு கழன்று விழுந்துவிட்டது. பிளாட்பாரம் முழுக்க ஒரு காலில் செருப்பில்லாமல் நடந்திருக்கிறாள். யாரோ ஒரு அம்மாள் பின்னாலேயே கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் அவளுக்கே தெரிந்திருக்கிறது. உள்ளங்காலில் கண்ணாடிச் சில் குத்தியிருந்தது. நான் பிடுங்கும்போதும் அவளுக்கு வலிக்கவில்லை. அவளை உடனே அழைத்து வரட்டுமா?

ஹனீப்

---

செம்பூர்,
6 டிசம்பர் 2023

அன்புள்ள ஹனீபுக்கு,

கவலைப்படாதே. வைட்டமின் குறைவாக இருக்கலாம். மாத்திரை எழுதி இதோடு வைத்திருக்கிறேன். ஜனவரியில் எப்படியும் எல்லோரையும் பார்க்கத்தானே போகிறேன்.

நாகராஜ்

---

செம்பூர்,
19 பிப்ரவரி 2024

ஹனீப்,

ஜனவரிப் பரிசோதனை முடிந்ததும், நீங்கள் ஒட்டப் பயன்படுத்தும் சொலூஷன் பசைதான் காரணம் என்று சொன்னேன். அன்றைக்கே வேலையை நிறுத்தினாய். வாசலில் வைத்து ஒன்று கேட்டாய்: "நாகராஜ், ஒனக்கு எப்பத் தெரியும்?" நான் காரில் ஏறிவிட்டேன்.

ஜூலையிலேயே தெரியும். பதினான்கு பேரில் ஒன்பது பேருக்கு நரம்பில் மின்சாரம் மெதுவாகத்தான் ஓடியது. அந்தப் பசை டப்பாவில் இருக்கும் ரசாயனம் நரம்பை அழிக்கும் என்பது மாணவர்கள் படிக்கும் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் வேலை தொடரத் தொடர ஒரே ஆளின் நரம்பு எவ்வளவு வேகமாகக் கெடுகிறது என்று யாரும் அளந்ததில்லை. அளந்தவன் நானாக இருக்க நினைத்தேன். முடிவு தெரிந்த உடனே சொல்வேன் என்று ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டுத்தான் இதை ஆரம்பித்தேன்.

ஜூலையில் ஃபர்ஸானாவுக்கு லேசாகத்தான் இருந்தது. அப்போதே நிறுத்தியிருந்தால் அநேகமாக முழுக்கச் சரியாகியிருக்கும். இப்போது நிறுத்திய பிறகும் இரண்டு மூன்று மாதம் இன்னும் மோசமாகும். பயந்துவிடாதீர்கள். பிறகு மெல்லத் திரும்பும். எவ்வளவு திரும்பும் என்று என்னால் சொல்ல முடியாது.

மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அக்டோபரில் மூன்றாவது முறை சோதித்தால் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று தெரியும். எல்லோரையும் அனுப்பிவை.

நாகராஜ்

---

தாராவி,
14 அக்டோபர் 2024

டாக்டர் நாகராஜ் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை எட்டு மாதம் பீரோவில் வைத்திருந்தேன். ஏப்ரலில் ஃபர்ஸானா சுவரைப் பிடிக்காமல் எழுந்திருக்க முடியாமல் போனாள். இப்போது இரண்டு காலிலும் பிளாஸ்டிக் பட்டை கட்டி, குளியலறைக்குத் தானே போய்வருகிறாள். சட்டைப் பட்டனை அவள் உம்மாதான் போட்டுவிடுகிறாள். ஆறுமுகநயினாரை இரண்டு பேர் தூக்கி ரயிலில் உட்கார வைத்து ஊருக்கு அனுப்பினோம். பேராச்சி மான்குர்தில் மகன் வீட்டில் இருக்கிறாள்.

உங்கள் மேல் மட்டும் பழி போட மாட்டேன். சீக்கிரம் காய்கிறது என்று அந்த டப்பாவுக்கு மாறியது நான். மழைச்சாரல் அடிக்கிறது என்று ஜன்னலை அடைத்ததும் நான். ஆனால் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு நாள்கூட என் மகளை அங்கே உட்கார வைத்திருக்க மாட்டேன்.

போன வாரம் ஷ்ருதி வந்தாள். உங்களிடம் வேலையை விட்டுவிட்டாளாம். இங்கிலீஷில் வந்த உங்கள் கட்டுரையின் பிரதியைக் கொண்டுவந்தாள். ஃபர்ஸானா அதைத் தானே படித்தாள். 'ஒன்பதாம் எண், பெண், வயது இருபத்துமூன்று' என்ற இடத்தில் நிறுத்தி, "இது நான்தான வாப்பா?" என்று கேட்டாள். அதற்குமேல் மறைக்க முடியவில்லை. உங்கள் கடிதத்தை எடுத்து வாசித்துக் காட்டினேன். ஜூலை என்று வந்த வரியை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். "அப்போ நான் நல்லா நடந்துக்கிட்டுதான இருந்தேன்" என்றாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பரிசோதனைக்கு யாரையும் அனுப்புவதில்லை என்றுதான் இருந்தேன். மற்றவர்கள் வரமாட்டார்கள். ஃபர்ஸானா மட்டும் வருவேன் என்கிறாள். மற்ற கார்கானாக்களில் ஒட்டிக்கொண்டிருப்பவர்களுக்குக் காட்ட அவளுக்குத் தன் முடிவு கையில் வேண்டுமாம். ஷ்ருதியோடு அடுத்த வாரம் புதன்கிழமை பதினோரு மணிக்கு வருவாள். அவள் பரிசோதனைப் படுக்கையிலிருந்து இறங்குவதற்கு முன்னால் முடிவை எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

நான் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே டாக்ஸியில் இருப்பேன். நீங்கள் இறங்கி வர வேண்டாம்.

இப்படிக்கு,
முகம்மது ஹனீப்