மூன்றாம் அறையில் செத்த சிமெண்ட்

அனுப்புநர்:
க. பழனியாண்டி,
கலவை மேற்பார்வையாளர்,
வண்டூர், தெற்கு அந்தமான்.

பெறுநர்:
செயற்பொறியாளர் அவர்கள்,
கட்டுமானப் பிரிவு, போர்ட் பிளேயர்.

பொருள்: ஹேடோ மேட்டு ஊழியர் குடியிருப்பின் அடியிலுள்ள நிலவறையை நிரப்பியதில் நேர்ந்த தவறு – 3, 4ஆம் எண் வீடுகளில் எவரையும் குடியேற்றாதிருக்கக் கோரி – என் மீதே நான் தரும் புகார்.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

1. சுனாமியன்று காலை நிலம் குலுங்கியதில் 4ஆம் எண் வீட்டின் சமையலறைத் தரை உள்ளே இறங்கியது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஜப்பானியர் குடைந்த மூன்று அறைகள் கீழே இருப்பது அப்போதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து எட்டுக் குடும்பங்கள் தகரக் கொட்டகையில் இருக்கின்றன. குவாரிக் கல்தூளும் சிமெண்டும் குழைத்த சேற்றால் அறைகளை நிரப்பும் வேலை இவ்வாண்டு நடந்தது. கலவைக்கு நான் பொறுப்பு.

2. கர்நாடகத்தில் ஒரு தங்கச் சுரங்கத்தில் பதினோரு வருடம் இருந்தவன் என்பதால் இவ்வேலை எனக்குக் கிடைத்தது. அங்கே தங்கம் எடுத்தபின் மிஞ்சும் கல்சேற்றில் நூற்றுக்கு ஐந்து பங்கு சிமெண்ட் சேர்த்து, தோண்டிய வெற்றிடத்துக்கே திருப்பி அனுப்புவோம். ஒரு மாதம் கழித்துப் பக்கத்துப் பாறையை வெடி வைத்து எடுத்தால், அந்தச் சேறு எட்டு மாடி உயரச் சுவராகத் தனியே நிற்கும். முதன்முறை அண்ணாந்து பார்த்தபோது என் தலைக்கவசம் பின்னால் விழுந்துவிட்டது. மனுவில் சொல்லத் தகாததுதான்; ஆனாலும் அந்த வியப்பு எனக்கு இன்னும் தீரவில்லை. ஐந்தே பங்கு, ஐயா!

3. முதல் இரண்டு அறைகளில் குறையில்லை. மூன்றாவது, 3, 4ஆம் வீடுகளுக்கு நேர் கீழே இருப்பது. அதன் முறை வந்தபோது கடல் கொந்தளிப்பால் மெயின்லேண்ட் கப்பல் வரவில்லை. உப்புக்காற்றில் கட்டி தட்டிய நாற்பது மூட்டைகள் கிடந்தன. இத்தீவில் சிமெண்டை யாரும் எறிவதில்லை. இடித்துச் சலித்துக் குளியலறைத் தரைக்காவது போட்டுக்கொள்வோம். மேஸ்திரி கோவிந்தராஜ் தீவு இந்தியில், “சலேகா அண்ணே, இதுவே ஓடும், போட்டுரலாம்” என்றார். அவர் மீது குற்றமில்லை, தலையாட்டியவன் நான். ஒருமுறை இறுகியது செத்த சிமெண்ட், மறுபடி பிடிக்காது என்று தெரிந்தும், அறை நிரம்பினால் சரி என்று இருந்துவிட்டேன்.

4. ஒவ்வோர் அறைக்கும் ஊற்றும் கலவையில் கொஞ்சத்தை இரண்டு பால் டப்பாக்களில் பிடித்துவைப்பது சுரங்கத்தில் படிந்த வழக்கம். கலவை இறுகி வலுப்பெற வேண்டிய இருபத்தெட்டு நாள் மூன்றாம் அறைக்கு நேற்றோடு முடிந்தது. டப்பாவை வெட்டியெடுத்து, முதல் அறையின் உருளை ஒன்றையும் மூன்றாம் அறையின் உருளை ஒன்றையும் தண்ணீர் வாளியில் போட்டேன். முன்னதில் ஆணி கூட இறங்கவில்லை. பின்னது நான் தேநீர் குடித்து முடிப்பதற்குள் கரைந்து சேறாகிவிட்டது. மழைநீர் ஊறினால் வீட்டுக்கு அடியிலும் இதுவே நடக்கும்.

5. குடியேற்றம் செப்டம்பர் 12 அன்று. 3ஆம் எண் வீடு, துறைமுகத்தில் துப்புரவுப் பணி செய்யும் ரெங்கம்மாவுக்கும் அவருடைய இரண்டு பெண் குழந்தைகளுக்கும். தரை தாங்குமா என்று அவர் கேட்கும்போதெல்லாம் யானையைக் கட்டினாலும் தாங்கும் என்று சொல்லிவந்தேன். நேற்று மாலை போய் உண்மையைச் சொன்னேன். அவர், குடிபோகக் கட்டிவைத்திருந்த பாத்திர மூட்டையை அவிழ்த்துக் கொட்டகை அடுப்படியில் மறுபடி அடுக்கினார். திட்டியிருந்தால் எனக்குத் தேவலை.

6. ஆகவே, இரு வீடுகளையும் உடனே பூட்டச் செய்து, மூன்றாம் அறையைத் தோண்டி, அடுத்த கப்பலில் வரும் புதிய சிமெண்டால் மறுபடி நிரப்ப ஆணையிடுமாறு மன்றாடுகிறேன். எனக்கு எந்தத் தண்டனையானாலும் சம்மதம். நிரப்பும் நாளில் ஓர் ஓரமாக நின்று பார்க்க மட்டும் அனுமதி வேண்டும்.

இடம்: வண்டூர்
நாள்: 03.09.2007

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
க. பழனியாண்டி

இணைப்பு: மிச்சமிருந்த உருளைகள் இரண்டு. ஒன்று முதல் அறையினது, மற்றது மூன்றாம் அறையினது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எது எதுவென்று நான் எழுதவில்லை. ஒரு வாளித் தண்ணீரும் தங்களுக்கு ஒரு தேநீரும் கொண்டுவரச் சொன்னால் போதும்.