பிடி அரிசிப் பேணி

கட்டுகஸ்தோட்டை
10.01.2025

அன்புள்ள தங்கச்சி ருஷ்தாவுக்கு ராத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் போன் இரண்டு மாதமாகச் செத்துக் கிடக்கிறது. அதனால்தான் பேனை எடுத்தேன். சனிக்கிழமைகளில் தம்பி அரூஸின் மரக்கறி லொறி கம்பளைக்கு வருகிறதே, அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். பதிலையும் அவனிடமே கொடு.

விலைவாசியை நினைத்தால் வயிறு எரிகிறது. ஒரு தேங்காய் இருநூறு ரூபாய்! அதை இரண்டு நாளைக்கு இழுக்கிறேன். நீ அந்தியில் மஃரிபுத் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் சந்தைக்குப் போ. கடைக்காரர்கள் மூட்டை கட்டும் நேரம், கத்தரிக்காய் பாதி விலைக்கு வரும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று உம்மா சும்மாவா சொன்னாங்க?

இன்னொன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லிவிடாதே. வியாழக்கிழமை எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகப் பிடி அரிசி சேர்ப்பது நான்தானே. உலைக்கு அளந்த அரிசியில் ஒரு பிடியை எடுத்து எல்லோரும் தகரப் பேணியில் போட்டு வைப்பார்கள். நான் அதையெல்லாம் ஒரே சாக்கில் கொட்டிப் பள்ளிவாசலில் கொடுப்பேன், ஏழை வீடுகளுக்குப் போகும். எங்கள் பேணிக்கு மட்டும் நான் சம்பாவைத் தொடுவதில்லை. கடையில் சாக்கின் அடியில் தங்கும் குறுணல், கல்லும் வண்டும் கிடக்கும், பாதி விலைக்குத் தருகிறார்கள். என் பிடி அதில்தான். பிடி பிடிதானே? பசித்தவர்கள் நிறமா பார்க்கப் போகிறார்கள்?

அடுத்த மாதம் ஒன்பதாம் திகதி ஞாயிறு வருகிறேன். இந்த முறை வீட்டுக்கு வர்ணம் பூசுகிறோம் என்று சாட்டுச் சொல்லாதே. உன் கலியாணத்தில் கோபத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். ஆறு வருடமாகிவிட்டது, இன்னுமா மனதில் வைத்திருக்கிறாய்?

உன் ராத்தா
ஸுமைரா

கம்பளை
18.01.2025

அன்புள்ள ராத்தாவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

போன் தண்ணீரில் விழுந்துவிட்டது, வேறொன்றும் இல்லை. அவருடைய தையல் கடை நடக்கிறது. மகன் ஃபாஸில் முன்பள்ளிக்குப் போகிறான்.

அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை ராத்தா. "அந்த ஹாஷிமக் கட்டினா ஒரு நாளைக்கு பிடி அரிசிக்குத் தட்டேந்திக்கிட்டு என் வாசல்ல வந்து நிப்பாய்" என்று சபையில் சொன்னீர்கள். அவர் காதிலும் விழுந்தது. இன்று வரைக்கும் உங்களைப் பற்றி ஒரு குறை அவர் சொன்னதில்லை.

வாருங்கள். வாசலுக்கு வரும் ராத்தாவை வேண்டாம் என்பேனா? வாழைக்காய்க் கறி ஆக்குகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். நீங்கள் தின்கிற அரிசியிலேயே அந்தப் பிடியை எடுத்துப் போட முடியாதா?

உங்கள் தங்கச்சி
ருஷ்தா

கம்பளை
15.02.2025

ராத்தாவுக்கு,

போன ஞாயிறு இங்கே சாப்பிடும்போது நீங்கள் கல்லைக் கடித்த சத்தம் எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டது. அரிசியில் ஓர் உமி கிடந்தாலே உம்மாவோடு சண்டை பிடித்தவர் நீங்கள். அன்றைக்குத் தண்ணீரைக் குடித்து விழுங்கிவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடு" என்று தட்டை நீட்டினீர்கள். அப்போதே விளங்கிவிட்டது, உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று.

இனி மறைத்து என்ன? தையல் கடையை மூடி எட்டு மாதம். போன் தண்ணீரில் விழவில்லை, பிள்ளையின் பால்மாவுக்கு விற்றேன். கார்த்திகை மாதத்திலிருந்து எங்கள் பள்ளிவாசல் பிடி அரிசிதான் இந்த வீட்டு உலையில் வேகிறது. நீங்கள் வருகிறீர்கள் என்று அன்று காலையில் இரண்டு மணித்தியாலம் கல் பொறுக்கினேன். சிவப்பும் வெள்ளையும் கலந்த அரிசி, ஒன்று வேகும்போது மற்றது குழைந்துவிடுகிறது. அதை நான் என்ன செய்ய?

உங்கள் வாக்குப் பலித்ததா என்று பார்க்க வந்தீர்களானால், பார்த்துவிட்டீர்கள். அரூஸிடம் சொல்லாதீர்கள். சாமான் ஒன்றும் அனுப்பாதீர்கள், திருப்பி அனுப்புவேன். இனி இந்தப் பக்கம் வரவும் வேண்டாம்.

ருஷ்தா

கட்டுகஸ்தோட்டை
21.02.2025

என் தங்கச்சிக்கு,

இந்தக் கடிதத்தைக் கிழிக்காமல் படி.

முதல் பிடியை வாயில் வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பத்து வருடமாக அந்தச் சாக்கைச் சுமக்கிறவள் நான், எனக்குத் தெரியாதா? பரிதாபப்பட்டுத் தட்டை நீட்டவில்லை ருஷ்தா. அழுதுவிடுவேனோ என்ற பயத்தில் நீட்டினேன்.

அந்தக் கல் யார் போட்டது என்று பேராதனை வரைக்கும் பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்தேன். கட்டுகஸ்தோட்டையில் நான் இருப்பதுபோல கம்பளையிலும் ஒரு ஸுமைரா இருக்கிறாள். அவள் மிச்சம் பிடித்த காசைத்தான் நீ இரண்டு மணித்தியாலம் குனிந்திருந்து பொறுக்கியிருக்கிறாய். நான் போட்ட கல்லை எந்த ஊரில் எவள் பொறுக்கினாளோ, எந்தப் பிள்ளை கடித்ததோ. அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும்.

நேற்று சேர்க்கப் போனபோது ஒவ்வொரு வாசலிலும் நின்று என் களவைச் சொன்னேன். பக்கத்து வீட்டு நப்லா, "நானும் அப்பிடித்தான் போட்ட ராத்தா" என்று சொல்லி உள்ளே போய்ப் பேணியை மாற்றிக்கொண்டு வந்தாள். எங்கள் வீட்டில் இப்போது உலைக்கு அளந்த சம்பாவிலேயே எடுக்கிறேன். சட்டியில் சோறு கொஞ்சம் குறைகிறது. நம் வயிற்றில் ஒரு பிடி குறைந்தால்தானே அது பிடி அரிசி. இத்தனை வருடம் அது எனக்கு விளங்கவில்லை.

நீ என் வாசலில் தட்டேந்துவாய் என்று சொன்ன வாய் இது. கடைசியில் உன் வாசலுக்கு வந்து தட்டை நீட்டியது நான்தான், அள்ளிப் போட்டது நீ. இதை ஹாஷிம் தம்பியிடம் நான் சொன்னதாகவே சொல். சபையில் சொன்ன வார்த்தைக்குச் சபையிலேயே மன்னிப்புக் கேட்கவும் தயார்.

சாமான் ஒன்றும் அனுப்பவில்லை. வர வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய், ஆனாலும் வருகிறேன். நோன்புக்கு இன்னும் ஒரு கிழமைதான் இருக்கிறது. வியாழக்கிழமை அரிசி சேர்த்து முடிந்ததும் பஸ் ஏறுவேன். அதே அரிசியை ஆக்கு. கொஞ்சம் பொறுத்து உலை வை, நான் வந்ததும் சுளகை எடுத்துக்கொண்டு இரண்டு பேருமாக இருந்து கல் பொறுக்கலாம்.

ஸுமைரா