மாத்திரை போட்டுக்கொண்டு வந்தவன்

அன்புள்ள ராசாவுக்கு அம்மா எழுதுவது. அங்கே நீயும் மருமகளும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. போனில் பேசினால் பாதியிலேயே வைத்துவிடுகிறேன், அதனால்தான் கடிதம். இதெல்லாம் ஆரம்பித்த அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் உன் அப்பா, உன் தங்கை, அவள் புருஷன், நான். பிறகு வந்தவன் உன் மாமன், என் கூடப் பிறந்தவன். வேறு ஒரு ஈ காக்கை கிடையாது. என் ஞாபகம்தான் உனக்குத் தெரியுமே, உன் அத்தை நாலு பேர் முன்னால் என்னைக் கஞ்சப் பிசினாரி என்று சொன்ன நாளில் அவள் கையில் இருந்த குடை பச்சை என்பதுகூட எனக்கு மறக்கவில்லை.

தங்கைக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து வாசலில் காவல் நான்தான். யார் வந்தாலும் செருப்பு வெளியே, கையில் சோப்பு, மூக்கு வாய்க்கு மாஸ்க், நெற்றியில் அந்தக் காய்ச்சல் கருவி. பால்காரர்கூட, போலீஸ்காரம்மா வந்துட்டாங்க என்று கேலி செய்வார். மாமன் நெற்றியில் வைத்தேன், காய்ச்சல் இல்லை என்று கருவி பச்சை காட்டியது. உள்ளே விட்டேன். அவனோ அவள் கட்டிலருகே உட்கார்ந்து, மாஸ்கை இறக்கிவிட்டு, தான் ஓட்டும் பழைய பஸ் மேடேறும்போது முக்குகிற சத்தத்தை வாயாலேயே செய்து காட்டினான். மொட்டைத் தலையோடு அவள் சிரித்தாளே, பல நாள் கழித்து. நாங்கள் எல்லோருமே சிரித்தோம்.

அப்புறம் அவளுக்குக் காய்ச்சல், இருமல், மூச்சிரைப்பு. ஆஸ்பத்திரியில் சோதித்துவிட்டு வைரஸ் சளி, நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது என்றார்கள். மாப்பிள்ளை போன் போட்டுக் கேட்டபோதுதான் மாமன் வாயைத் திறந்தான். அன்னைக்கே உடம்பு லேசா சுட்டுது மாப்ள, அக்கா வாசல்லயே திருப்பி அனுப்பிடும்னு காய்ச்சல் மாத்திரையும் இருமல் மருந்தும் குடிச்சிட்டு வந்தேன், வெறும் சளிதானேன்னு நெனச்சேன் என்றானாம். வெறும் சளியாம். டாக்டரம்மா என்னிடம், உங்களுக்கெல்லாம் ரெண்டு நாள் மூக்கு ஒழுகிட்டுப் போயிடும்மா, இவங்க ரத்தத்துல எதிர்த்து நிக்க ஆளே இல்ல என்றார். நுரையீரல் தெளிகிற வரைக்கும் புற்றுநோய் மருந்தையும் ஏற்ற முடியாதாம். அதுவரைக்கும் புற்று சும்மா இருக்குமா ராசா? கேட்டேன், அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்க்க விடுகிறார்கள். ஆக்சிஜன் முகமூடி பனிக்கிறதா என்று பார்ப்பேன், பனித்தால் மூச்சு இருக்கிறது என்று அர்த்தம். பனி விலகி மறுபடி பனிப்பதற்குள் என் உயிர் போய் வருகிறது. நாளைக்குள் தேறாவிட்டால் தொண்டையில் குழாய் விட்டு மெஷினில் போட வேண்டுமாம். இது உன் கைக்கு வரும்போது போனில் உனக்குச் சேதி தெரிந்திருக்கும், எனக்கு இப்போது தெரியாது. உன் அப்பா துவைத்த துணியையே மறுபடி மறுபடி துவைக்கிறார்.

அடித்துப்பிடித்துக்கொண்டு வராதே. வருவதானால் சளிக்காய்ச்சல் தடுப்பூசியை அங்கேயே போட்டுக்கொள். தும்மல் ஒன்று வந்தாலும் வாசலிலேயே சொல்லிவிடு, திட்ட மாட்டேன், வெளியே உட்காரவைத்துச் சோறு போடுவேன். என் ஆயுசில் பாதியை அவளுக்கும் மீதியை உனக்கும் கொடுக்கச் சொல்லித்தான் வேண்டிக்கொண்டிருக்கிறேன், நல்லா இருங்கள்.

மாமா பாசத்துலதானம்மா வந்தாரு, விட்டுடு என்று நேற்று போனில் சொன்னாய். பாசம் இல்லை என்று யார் சொன்னது? தினமும் ஆஸ்பத்திரி கேட்டில் பிளாஸ்க்கில் வெந்நீரோடு நிற்கிறான், கண் வீங்கிப்போய். பிளாஸ்க்கை வாங்கிக்கொள்கிறேன், முகத்தைப் பார்ப்பதில்லை. உன் தங்கையே எழுந்து வந்து விட்டுடும்மா என்று கெஞ்சினாலும் மாட்டேன். அவள் எழுந்து வந்து கெஞ்சட்டும். அப்போதும் மன்னிக்க மாட்டேன், உன் மாமனை.

இப்படிக்கு,
கண்ணாடிக்கு வெளியே நிற்கும் உன் அம்மா