மழை தாங்காத சைக்கிள் லைட்

செவ்வாய் இரவு. மழை இன்று இல்லை.

போன மாதம் இவர் ஆன்லைனில் வாங்கித் தந்த சைக்கிள் லைட்டில் பத்தாயிரம் லூமன் வெளிச்சம் என்று போட்டிருந்தது. அதில் என் முன் சக்கரம்தான் தெரிந்தது. அதுவும் நேற்று மழையில் நனைந்து செத்துப்போனது.

அடுத்ததை நானே போன வாரமே தேடி வைத்திருந்தேன். எல்லா விற்பனையாளரிடமும் மழை தாங்குமா என்று கேட்டேன். எல்லோரும் "ஹண்ட்ரட் பர்சென்ட் மேடம்" என்றார்கள். ஒருத்தர் மட்டும், "தூறல் தாங்கும். கொட்டுற மழைன்னா கழட்டி பையில வெச்சுக்குங்க. முன்னூறு லூமன்தான்" என்று எழுதினார். அவரிடமே அப்போதே ஆர்டர் போட்டுவிட்டேன்.

"விக்கிறவனே குறை சொல்றான், அதைப் போய் வாங்குறியே!" என்று இவர் சிரித்தார். பத்தாயிரத்தை நம்பின மனுஷன் பேசுகிறார்!

இன்று காலை பார்சல் வந்ததும் மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன். சாயங்காலம் இருட்டின பிறகு ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கி, அங்கே விட்டிருந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு, கம்பத்தில் விளக்கே எரியாத எங்கள் தெருவுக்குள் திரும்பி, பட்டனை அமுக்கினேன். அப்பா! கடைசி வீட்டு கேட் வரைக்கும் தெரு அப்படியே எழுந்து வந்து நின்றது. கல், குழி எல்லாம் தெரிந்தது; ஓரத்தில் உட்கார்ந்திருந்த தவளையின் கண்கூட மின்னியது. சைக்கிளை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அப்புறம்தான், காலை அவசரத்தில் கவனிக்காத இடது பக்கத்தைப் பார்த்தேன். கால்வாய்க்குத் தோண்டி, மூடாமல் விட்ட பள்ளம். அதன் விளிம்பிலேயே, காய்ந்த சேற்றில், ஒரு சைக்கிள் தடம். இந்தத் தெருவில் சைக்கிள் ஓட்டுவது நான் ஒருத்திதான். நேற்று இருட்டில் நான் வந்த தடம். ஓர் இடத்தில் விளிம்பு சரிந்து, தடம் பாதி உள்ளே விழுந்திருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும், "லைட் எப்படி?" என்று இவர் கேட்டார்.

"நல்லா தெரியுது" என்றேன்.