மூன்று கிலோமீட்டர் மிச்சம்

உன் மஞ்சள் மழைச்சட்டை இப்போது என் வீட்டு நாற்காலியில் தொங்குகிறது. போன ஞாயிற்றுக்கிழமை உன் மனைவி கொடுத்தாள். பையிலிருந்து எடுத்ததும் குப்பென்று தைல வாசம். கெண்டைக்காலில் தைலம் தேய்த்த கையை நீ ஒரு நாளும் துணியில் துடைத்ததில்லை. போட்டிருக்கும் சட்டையிலேயே தடவிக்கொள்வாய். நீ போய் மூன்று மாதம் ஆகிறது. தைலத்துக்கு அது தெரியவில்லை.

ஞாயிறு காலை ஐந்தரை மணி. மலாக்கா பாச்சாங்கில் உன் மூக்குக்கண்ணாடிக் கடை வாசலில் நீ எனக்கு முன்னால் வந்து நிற்பாய். நான் ஐந்து நிமிடம் பிந்தினால் போதும், "இன்சூரன்ஸ் ஆபீஸ்லே இப்படித்தான் வேலை பார்க்கிறியாடா?" என்பாய். உம்பாய் வழியாகக் கடலோரமாகவே சைக்கிள் மிதித்து சுங்கை ரம்பாய் போய், ஆளுக்கு இரண்டு ரொட்டி சானாய், நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரிக் டீ, பிறகு திரும்பல். "வெயிலுக்கு முந்திக்கணும்லா" என்பது உன் வேதவாக்கு. அதை மீறி நாம் ஒரு நாளும் புறப்பட்டதில்லை.

அந்த வேதவாக்குதான் ஆஸ்திரியாவில் நம் மானத்தை வாங்கியது.

ஆற்றோரமாகச் சைக்கிள் ஓட்டிப் போகும் ஒரு காணொளியை நீ கைப்பேசியில் பார்த்துவிட்டாய். இன் என்கிற ஆறு, இரண்டு பக்கமும் ஆப்பிள் மரம், பின்னால் பனி மலை. "ஒரு தடவை மலையிலே மிதிச்சிடணும்டா, சமதரையிலேயே கிழவனாக முடியாது" என்று ஒரு வருடம் என்னை அரித்தாய். மலாக்காவில் மலை ஏறிப் பழக எங்கே போவது? மேம்பாலத்தைப் பிடித்தோம். வாராவாரம் பன்னிரண்டு தடவை ஏறி, பன்னிரண்டு தடவை இறங்கினோம். பாலத்தடியில் நாசி லெமாக் சோறு விற்ற மலாய்க்காரப் பெரியவர் ஒரு நாள் பொறுக்க முடியாமல், எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டார். "ஆமாம், இவனோட மூளையை" என்று நீ மலாயிலேயே பதில் சொன்னாய்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, செப்டம்பரில் போனோம். முதல் நாள் காலை, சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், அங்கேயும் வெயிலுக்கு முந்திக்கொள்ள ஐந்தரைக்கே கிளம்பிவிட்டோம்! தங்கியிருந்த வீட்டுக்காரி ஜன்னல் வழியாக நம்மைப் பார்த்த பார்வை இருக்கிறதே. ஆற்றின் மேல் புகையாகப் பனி. அரை மணியில் என் விரல் பத்தும் மரத்துவிட்டன. கியர் மாற்ற முழங்கையைப் போட்டு அழுத்தினேன். நல்ல காலம், வழியில் ஒரு ரொட்டிக் கடை திறந்திருந்தது. கடைக்காரம்மா நம்மை உள்ளே இழுத்து அடுப்புப் பக்கத்தில் நிறுத்தினாள். வெயிலுக்குப் பயந்து சீக்கிரம் கிளம்பினோம் என்று நீ கையை ஆட்டி ஆட்டி விளக்கினாய். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மலையைக் காட்டினாள். அந்தப் பள்ளத்தாக்கில் சூரியன் மலையைத் தாண்டி எட்டிப் பார்க்கவே ஒன்பது மணி ஆகுமாம். "ஊர்லே வெயிலுக்குப் பயந்து ஓடினோம், இங்கே வெயிலைத் தேடி ஓடணும்போல" என்றாய். அன்று நாம் சிரித்த சிரிப்பில்தான் என் விரலுக்கு உயிர் வந்தது.

மூன்று நாள் ஆற்றோரம் சொர்க்கம். நான்காம் நாள் மலைக்கணவாய்.

பதினான்கு கிலோமீட்டர் ஏற்றம். உச்சியில் ஒரு பெயர்ப்பலகை இருக்கிறது, அதைக் கட்டிப்பிடித்துப் படம் எடுக்க வேண்டும் என்று நீ விமானத்திலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தாய். பதினோரு கிலோமீட்டர் வரை நான் முன்சக்கரத்தை மட்டும் பார்த்து மிதித்தேன். அப்புறம் ஒரு வளைவில் தெரியாத்தனமாக எட்டிப் பார்த்துவிட்டேன். கீழே நாம் வந்த சாலை கொடிக்கயிறு மாதிரி கிடந்தது. மேலே போகும் சாலைக்கு ஓரத் தடுப்பும் இல்லை. என் கால் நின்றுவிட்டது. வலி இல்லை, மூச்சும் சரியாகத்தான் இருந்தது. பயம். வெறும் பயம்.

"இடது முட்டி பிடிச்சிக்கிச்சு" என்றேன்.

"மூணு கிலோமீட்டர்தான்டா மிச்சம்."

"முடியலடா. நீ போய்ட்டு வா."

நீ மேலே ஒரு தடவை பார்த்தாய். பிறகு சைக்கிளைத் திருப்பினாய். ஏறி உட்கார்ந்து இறங்கவும் எனக்குத் துணிவில்லை, தள்ளிக்கொண்டு நடந்தேன். நீயும் தள்ளிக்கொண்டு நடந்தாய். முதலில் இடது முட்டி என்று சொன்னவன், இரண்டு வளைவு தாண்டியதும் வலது காலை நொண்டியிருக்கிறேன். பாதி வழியில்தான் எனக்கே அது உறைத்தது. நீயோ புல்வெளியில் மேய்ந்த மாடுகளையே பார்த்துக்கொண்டு வந்தாய். மாடு பார்ப்பதற்காகவா நாம் அவ்வளவு தூரம் போனோம்? தெரிந்தும் தெரியாதவனாக இருந்தாய் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி நாம் பேசவே இல்லை. சொல்லலாம், சொல்லலாம் என்று இரண்டு வருடம் உன் பின்சக்கரத்தைத் தொடர்ந்து மிதித்தேன். ஒரு நாள் கடையில் உட்கார்ந்தபடியே நெஞ்சடைத்து நீ போய்விட்டாய்.

இனி சொல்லப்போவது உனக்குத் தெரியாதது. கொஞ்சம் கோபம்கூட வரலாம்.

சட்டையைக் கொடுத்த அன்று உன் மனைவி எனக்குக் காப்பி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "அண்ணே, அன்னிக்கு மலையிலே அவருக்கு மூச்சு வாங்கினதாலே நீங்களும் பாவம் திரும்பிட்டீங்களாமே. ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு" என்றாள். காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தேன். என் மானத்தைக் காப்பாற்ற நீ இப்படி ஒரு கதை கட்டியிருந்தாயா? உனக்கு மூச்சு வாங்கியதா? அந்த ஏற்றத்தில் பழைய பாட்டைத் தப்புத் தப்பாகப் பாடிக்கொண்டு ஏறியவன் நீ!

சிரித்துவிட்டு அப்படியே விட்டிருப்பேன். ஆனால் அவள் முடிக்கவில்லை. "அப்பவே நெஞ்சுலே கோளாறு இருந்திருக்கு. நான்தான் சிரிச்சிக்கிட்டு இருந்துட்டேன். டாக்டர்கிட்டே இழுத்துட்டுப் போயிருந்தா இன்னிக்கு இருந்திருப்பாரு. மூணு மாசமா அதே நெனைப்புதான், தூக்கமே வரலேண்ணே."

அடப்பாவி, என்ன செய்து வைத்திருக்கிறாய் பார்த்தாயா? எனக்காகச் சொன்ன ஒரு பொய், அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது. உன் அன்பின் மேல் எனக்கு முதல் முறையாகக் கோபம் வந்தது. அதைவிட என் மேல்.

ஒரு நிமிடம் தயங்கினேன், மறைக்க மாட்டேன். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு பெண்பிள்ளை முன்னால் 'பயந்துவிட்டேன்' என்று சொல்ல நாக்கு எழவில்லை. பிறகு சொன்னேன். "தங்கச்சி, அவனுக்கு ஒண்ணும் ஆகலேமா. பயந்தது நான். பள்ளத்தைப் பார்த்துட்டு முட்டி வலின்னு பொய் சொன்னேன். எனக்காகத்தான் அவன் திரும்பினான்."

"நெசமாவா?"

"சத்தியமா."

"அவருக்கு மூச்சு வாங்கலையா?"

"பாட்டுப் பாடிக்கிட்டே ஏறினான்மா. என்னை விட்டுட்டுப் போயிருந்தா அந்தப் பலகையைத் தொட்டுட்டு வந்திருப்பான்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் அழுதாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். உனக்குக் கிடைக்க வேண்டிய உச்சியைக் கெடுத்தவன் அல்லவா நான். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவள், "நல்ல வேளைண்ணே, நீங்க பயந்தீங்க" என்றாள்.

மூன்று மாதத்தில் முதல் முறையாக அன்று அவள் மத்தியானம் தூங்கினாளாம். மறுநாள் தொலைபேசியில் சொன்னாள்.

கணவாயிலிருந்து திரும்பியவன் என்ற பெயரை இரண்டு வருடம் எனக்காக நீ சுமந்தாய். போதும், இறக்கி வை. அது என்னுடையது, நானே வைத்துக்கொள்கிறேன்.