கை மட்டும் இளைத்தது

அன்புள்ள அக்காவுக்கு, அம்மா சொல்லச் சொல்லத் தங்கை எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம், நீயும் அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம், இதை முதலில் எழுதச் சொன்னாள் அம்மா, எழுதிவிட்டேன். நான் முதலில் எழுத நினைத்தது வேறு. முந்தாநாள் அவளுடைய வேலைச் சட்டையைப் பிடித்துத் தைக்க எடுத்தேன், போன மாதம் நான் போட்ட தையலில் இடுப்பு அப்படியே கச்சிதமாக நிற்கிறது, கை மட்டும் ஓர் அங்குலம் தொளதொளவென்று தொங்குகிறது. இடுப்புதானே குறைய வேண்டும், கை ஏன் குறைகிறது என்று அன்றிலிருந்து எனக்கு மண்டைக் குடைச்சல். இதை எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது, அவள் நடந்துகொண்டே சொல்கிறாள். அடுப்பிலிருந்து வாசற்கதவு, வாசற்கதவிலிருந்து அடுப்பு, கதவுப் பக்கம் போகும்போது சொல்வது எனக்குப் பாதி காதில் விழவில்லை, திரும்பச் சொல்லு என்றால், ஏண்டி காதுல பஞ்சா வச்சிருக்கே, நான் நின்னா எண்ணிக்கை நின்னுடும் என்கிறாள். எல்லாம் நீ வாங்கி அனுப்பிய, காலடி எண்ணும் அந்தக் கைக்கடிகாரம் செய்கிற வேலை.

அவள் சொன்னதை முதலில் எழுதிவிடுகிறேன். அப்பா நலம், எதிலும் தலையிடாமல் பேப்பருக்குப் பின்னால் இருக்கிறார். அம்மாவுக்கு வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் ஆகி ஐந்து மாதம் முடிந்தது, சர்க்கரை மாத்திரை ஒன்றை நிறுத்திவிட்டார்கள், முட்டி வலி இல்லை. நேற்று பதினாலாயிரம் அடி, உனக்கு ஒன்பதாயிரம்தானாம், சின்ன வயசுக்காரி தோத்துட்டாளேன்னு எழுது என்றாள். அப்புறம் என்னைப் பற்றிக் கோள். இவ என் தட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா, வீட்டுல போலீஸ் வச்ச மாதிரி இருக்கு, நீ போன் பண்ணிக் கண்டிச்சு வை. எழுதிவிட்டேன், கண்டித்துக்கொள். இப்போது அம்மா மாடிப்படி ஏறி இறங்கப் போயிருக்கிறாள், ஐந்து மாடி, மூன்று தடவை. அதற்குள் மீதியை நான் எழுத வேண்டும்.

போனில் சொல்லலாமே என்பாய். எப்படிச் சொல்வது, அவள் போனை மேசை நடுவில் ஸ்பீக்கரில் போட்டு வைக்கிறாள், எனக்கு "ம்" தவிர எதுவும் வாயில் வருவதில்லை. மெசேஜ் அனுப்பினால் அதை முதலில் படிப்பவளும் அவள்தான், போன் அவளுடையது. உனக்கு அவளுடைய பழைய கம்பளிச்சட்டையைச் சின்னதாக்கிப் பார்சல் கட்டுவதால்தான் இந்தக் கடிதத்துக்கே வழி கிடைத்தது.

அக்கா, அம்மா சாப்பிடுவதில்லை. ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துத்தான் சொன்னார், ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம் கலோரி, ஆறு வேளையாகப் பிரித்து, ஒவ்வொரு வேளையும் புரதம் முதலில், நடை அரை மணி நேரம், நடை கூடினால் என்னிடம் கேளுங்கள், சாப்பாட்டையும் கூட்ட வேண்டியிருக்கும். அம்மா அங்கே தலையைத் தலையை ஆட்டினாள். வீட்டுக்கு வந்ததும் அவளுடைய சலவைக்கூடத்துச் சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டாள். உனக்குத் தெரியுமே, அவர்கள் கூடத்தில் காலையில் எத்தனை மூட்டை அழுக்கு விரிப்பு உள்ளே வந்ததோ அத்தனையும் சாயங்கால மணி அடிப்பதற்குள் மடித்து வெளியே போயிருக்க வேண்டும், ஒரு மூட்டை தங்கினாலும் மேற்பார்வைக்கார அம்மா வீட்டுக்கு விடமாட்டார். இருபத்திரண்டு வருஷமாக அதே பழக்கம். இப்போது வயிற்றுக்கும் அதுதான் சட்டம். உள்ள போனது ராத்திரி படுக்கறதுக்குள்ள வெளிய போயிடணும், தங்கினா திரும்பக் கொழுப்பா ஏறிக்கும் என்கிறாள். கடிகாரத்தில் நானூறு கலோரி செலவு என்று வந்தால் நானூறுதான் சாப்பிடுகிறாள், சாப்பிட்டது ஐந்நூறு ஆகிவிட்டால் மிச்ச நூறுக்கு வாசற்கதவுக்கும் அடுப்புக்கும் நடக்கிறாள். அப்படியானால் மூச்சு விட, இதயம் அடிக்க, எட்டு மணி நேரம் நின்று விரிப்பு மடிக்க, அதற்கெல்லாம் எங்கிருந்து எடுப்பது? எட்டாவதோடு நின்றவள் கணக்குச் சொல்ல வந்துவிட்டாள் என்று சிரிக்காதே. எங்கிருந்து எடுக்கிறது என்று இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. நேற்று மதியம் நான் வேலை பார்க்கும் தையல் கடையிலிருந்து ஆலோசகருக்குப் போன் செய்தேன், நானேதான், மூன்று தடவை மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டு நாலாவது தடவை பேசினேன். கொழுப்பு போகலம்மா, சதை கரையுது, உடனே கூட்டிட்டு வாங்க என்றார்.

இன்னொன்று. உன்னிடம் சொல்லவே கூடாது என்று என்னைச் சத்தியம் பண்ண வைத்திருக்கிறாள். பன்னிரண்டு நாளுக்கு முன்னால் கூடத்தில் மடிக்கிற மேசைக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்தாள். நல்லவேளை துணிக் குவியல் மேல் விழுந்தாள், அந்தப் பக்கம் இஸ்திரி இயந்திரம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. இஸ்திரிக்காரர்தான் கூட்டிக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டு இவள் முதலில் என்ன செய்தாள் தெரியுமா, கடிகாரத்தைப் பார்த்தாள். அன்றைக்கு ராத்திரி நீ அவள் போனுக்கு ஏழு இதயப் படமும் ஒரு கிரீடப் படமும் அனுப்பியிருந்தாய், பதிமூவாயிரம் அடி, என் சிங்கமே என்று. உன்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. உனக்குத் தெரியாது, சரி. ஆனால் எத்தனை அடி என்று தினமும் கேட்கிறவள் என்ன சாப்பிட்டாய் என்று ஒருநாளாவது கேட்டாயா? உன்னைத் தோற்கடிக்கத்தான் நடக்கிறாள், நீ பாராட்டப் பாராட்ட அவள் தட்டு சின்னதாகிறது. இனி அடிக்கணக்கு பேசாதே, அந்தப் போட்டியை விட்டு வெளியே வந்துவிடு. வியாழக்கிழமை பத்து மணிக்கு ஆலோசகரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன், பார்சல் அதற்கு முன்பே உன் கைக்கு வந்துவிடும், புதன்கிழமை நீ போன் செய்து போயே ஆக வேண்டும் என்று சொல். நான் சொன்னால் நீ வாயத் தொறந்ததே பெரிசு என்று சிரிக்கிறாள்.

அம்மா மேலே வந்துவிட்டாள். மூச்சு வாங்குகிறது, கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, என்னத்தடி இவ்வளவு எழுதியிருக்கே, படிச்சுக் காட்டு என்றாள். அவள் சொன்னதை மட்டும் படித்துவிட்டு மடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். என்னவோ தெரியவில்லை, முழுவதையும் படித்துவிட்டேன், சட்டைக் கையிலிருந்து வியாழக்கிழமை வரை. கடையில் ஊசி விழுந்தால் கேட்கிற மாதிரிதான் என் குரல், ஆனால் நிற்கவில்லை. மேசைக்குப் பக்கத்தில் விழுந்தது வந்தபோது, சொல்லாதேன்னு சொன்னேன்ல என்றாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்பா பேப்பரை இறக்கி, நிஜமாவா என்று மட்டும் கேட்டார். அம்மா, சரி போகட்டும், அவளுக்கு ஆசீர்வாதம் எழுதி முடி, வேளாவேளைக்கு நல்லா சாப்பிடணும்னு எழுது என்றாள்.

நான் எழுதவில்லை. நீ சாப்பிடு, அப்புறம் எழுதறேன் என்று சொல்லிவிட்டுப் பேனாவை மூடினேன். இரண்டு முட்டை வேகவைத்து உரித்து அவள் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். திட்டினாள். பிடிவாதக்காரி, உங்க அப்பன் புத்தி என்றாள். அப்பா மறுபடி பேப்பரைத் தூக்கிக்கொண்டார். கடித்துக் கடித்து மெல்ல முக்கால் மணி நேரம் ஆயிற்று, ஒன்றரை முட்டை.

ஆகவே இப்போது எழுதுகிறேன். வேளாவேளைக்கு நல்லா சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள், நீ நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மாவின் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அம்மா சொன்னதும் சொல்லாததுமாக எழுதிய
தங்கை