தொழில் என்ற கட்டம்

நொஹெஜி
2017 பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? இங்கே இடுப்பளவு பனி. அம்மாவின் சிப்பி ஆலைக்கு இரண்டு நாள் விடுமுறை. தொலைபேசியில் நீ "ம்" என்பதற்கு மேல் பேசமாட்டாய். கடிதத்தில்தான் உனக்கு வாய் உண்டு. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு இடம் கிடைத்துவிட்டது. நீ படித்த அதே உடற்கல்விப் பல்கலைக்கழகம்! குண்டெறிதல் பயிற்சியாளர் என் தோளைப் பார்த்துவிட்டு, "இத எங்கேம்மா வளர்த்தே?" என்று கேட்டார். சிப்பிக் கூடை தூக்கி வளர்த்தேன் என்றேன்.

கல்விக் கடனுக்கு ஒரு கையெழுத்து மட்டும் பாக்கி. அப்பா முதல் ஜாமீன். இரண்டாவது ஜாமீன் தனியாகச் சம்பாதித்து, வேறு வீட்டில் வாழும் உறவினராக இருக்க வேண்டும். உனக்குக் கையெழுத்துப் போட்ட மாமாவுக்கு அறுபத்தாறு வயதாகிவிட்டது; இனி அவர் ஜாமீன் செல்லாது. "அதான் நம்ம வீட்லயே ஒரு டீச்சர் இருக்காளே" என்கிறார் அப்பா.

படிவம் இத்துடன். பல்கலைக்கழகப் பிரசுரத்தில் வந்த உன் படத்தை அம்மா ஃப்ரிட்ஜிலிருந்து இன்னும் எடுக்கவில்லை. கழுத்தில் விசிலோடு நீ சிரிக்கும் அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் இதற்கே ஆசைப்பட்டேன்.

உன் தங்கை,
கொனாட்சு


பிப்ரவரி 26

அன்புள்ள கொனாட்சு,

வாழ்த்துகள். உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. படிவம் அரிசி டப்பாவின் மேல் கிடக்கிறது. அரிசி எடுக்கும்போதெல்லாம் அதை நகர்த்தி வைக்கிறேன்.

வீட்டில் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். நான் ஆசிரியைதான், ஆனால் ஒரு வருட ஆசிரியை. அப்படி நான்கு முறை ஒரு வருடம். ஒவ்வொரு மார்ச்சிலும், அடுத்த ஏப்ரலில் வேலை உண்டா என்று தொலைபேசி மணிக்குக் காத்திருப்பேன். நிரந்தரமாவதற்குத் தேர்வு உண்டு. உடற்கல்வியில் ஓர் இடத்துக்குப் பதினைந்து பேர். தேர்வு ஜூலையில். பிள்ளைகளின் டென்னிஸ் போட்டிகளும் ஜூலையில்தான். டென்னிஸ் குழு என் பொறுப்பு. நான் வாழ்நாளில் டென்னிஸ் ஆடியதில்லை. புள்ளி எண்ணுவதைப் பன்னிரண்டு வயது மாணவியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சனியும் ஞாயிறும் மைதானத்திலேயே போகின்றன. படிக்க நேரமில்லை. படிக்காததால் தேர்ச்சியில்லை. தேர்ச்சியில்லாததால் மறுபடி டென்னிஸ்.

கைக்கு வருவது மாதம் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் யென். கடன் தவணை பதினேழாயிரம். என் நாற்பத்து மூன்றாம் வயது வரை கட்ட வேண்டும். பள்ளி முடித்ததும் அம்மாவின் ஆலையில் சேர்ந்தாளே என் தோழி மினாகோ, அவளுக்கும் ஏறக்குறைய இதே சம்பளம்தான். தவணை மட்டும் இல்லை. புத்தாண்டுக்கு ரயில் நிலையத்திலிருந்து என்னை அழைத்துவந்தாளே, அந்தக் கார் அவளுடையது.

அந்தப் படத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பட்டம் வாங்கியபின் பல்கலைக்கழகம் ஒரு படிவம் அனுப்பியது. ஆசிரியர், நிறுவனம், வேலையில்லை: மூன்றே கட்டங்கள். 'ஒரு வருடம் மட்டும்' என்று எழுத இடமில்லை. ஆசிரியர் என்பதில் குறியிட்டேன். பிறகு புகைப்படக்காரர் வந்தார். "டீச்சர், இன்னும் கொஞ்சம் சிரிங்க" என்றார். மாட்டேன் என்று சொல்வதைவிடச் சிரிப்பது எளிதாக இருந்தது.

மீனவர் கூட்டுறவு அலுவலகத்தில் உன்னை வேலைக்குக் கேட்டார்கள் என்று அம்மா சொன்னாள். ஒருமுறை யோசித்துப் பார்.

அக்கா,
ஷிஹோ


நொஹெஜி
மார்ச் 5

அக்காவுக்கு,

மூன்று முறை படித்தேன். அம்மாவிடம் காட்டவில்லை.

புத்தாண்டுக்கு அப்பா மதுக் கிண்ணத்தை நீட்டி, "டீச்சரம்மா, கொஞ்சம் ஊத்துங்க" என்று மாமாவின் முன்னால் பெருமையடித்தபோது நீ வாயைத் திறக்கவில்லை. குனிந்து ஊற்றினாய். இப்போது எனக்கு மட்டும் கணக்குச் சொல்கிறாய்.

கூட்டுறவு அலுவலகத்துக்குப் போனேன். ஏப்ரல் பத்து வரை இடத்தை வைத்திருப்பார்களாம். மேலாளர், "குண்டு எறியிற கையால எங்க கால்குலேட்டர உடைச்சிடாதே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெளியே வந்து பனியைக் கெட்டியாக உருட்டி எறிந்தேன். சாலைக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. பார்க்க ஒருவரும் இல்லை.

எனக்குப் பதினெட்டு. நாற்பத்து மூன்று எங்கே இருக்கிறதென்றே எனக்குத் தெரியவில்லை. நீ தோற்றால் நானும் தோற்பேனா? 28ஆம் தேதி விடுதிக்குப் போகிறேன். நுழைவு விழா ஏப்ரல் 4. அன்றே படிவம் கேட்பார்கள். கையெழுத்துப் போடாவிட்டால் அப்பாவிடம் நீயே சொல். நான் சொல்லமாட்டேன்.

கொனாட்சு


மார்ச் 31, வெள்ளி

அன்புள்ள கொனாட்சு,

அப்பாவுக்கு இரண்டு முறை தொலைபேசி செய்தேன். இரண்டு முறையும், "அங்க செர்ரி பூத்தாச்சா?" என்று கேட்டார். பூத்துவிட்டது என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

திங்களன்று எனக்கு அழைப்பு வந்தது. அதே பள்ளி, இன்னொரு வருடம். பழைய ஒப்பந்தம் நேற்று முடிந்தது. புதியது நாளை தொடங்குகிறது. வேலை தொடர்ந்ததாகக் கணக்கு வரக்கூடாது என்பதற்காக இடையில் ஒரு நாளை விடுவார்கள். அந்த நாள் இன்று. நேற்றே சாவியையும் பெயர் அட்டையையும் திருப்பிக் கொடுத்தேன். துணைத் தலைமையாசிரியர், "ஒரு நாள் லீவுன்னு நெனச்சுக்கோங்க டீச்சர். ஆனா காலையில டென்னிஸ் பிள்ளைங்க வருவாங்க, மறந்துடாதீங்க" என்றார்.

போனேன். மதியம் வரை பந்து பொறுக்கினேன்.

வேலை நாளில் அலுவலகம் திறந்திருக்கும்போது எனக்கும் நேரம் கிடைப்பது வருடத்தில் இந்த ஒரு நாள்தான். ஜாமீனுக்குத் தேவையான என் பெயர் முத்திரையை நகராட்சியில் பதிவுசெய்து சான்றிதழ் வாங்கினேன். படிவத்தில் பெயர் எழுதி முத்திரை வைத்தேன். தொழில் என்ற கட்டத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. இன்றைய தேதி போட்டால் 'இல்லை' என்றுதான் எழுத வேண்டும். அப்படி எழுதினால் படிவம் திரும்பி வரும், கடன் கிடைக்காது. நாளைய தேதி போட்டால் 'ஆசிரியை'. இரண்டும் உண்மை.

தேதியையும் தொழிலையும் காலியாக விட்டிருக்கிறேன். உனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவள் நான். நம் கையெழுத்தில் வித்தியாசம் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. நீ எதை எழுதினாலும் நான் எழுதியதாகவே இருக்கட்டும்.

அவசரத் தபாலில் விடுதிக்கு அனுப்புகிறேன். சாப்பாட்டைத் தவறவிடாதே.

ஷிஹோ


மாணவியர் விடுதி
ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

படிவம் ஞாயிறன்று வந்தது. ஒரு நாள் முழுக்க என் தலையணைக்கடியில் இருந்தது. நேற்று மாலை மைதானத்துக்குப் போனேன். ஆளில்லாத எறிவட்டத்தில் ஏறி நின்று பார்த்தேன். எறியவில்லை. திரும்பி வந்து ஏப்ரல் 1 என்று எழுதினேன். பக்கத்தில் 'ஆசிரியை'. நீ எழுதியது போலவே இருந்தது.

இன்று கொடுத்துவிட்டேன். வாங்கிய அம்மாள் குடும்பப் பெயரைப் பார்த்துவிட்டு, "பிரசுரத்துல இருக்கிற டீச்சரோட தங்கச்சியா நீ?" என்றாள். ஆமாம் என்றேன். உள்ளே போய்ப் புகைப்படக்காரரைக் கூட்டிவந்தாள். அடுத்த பிரசுரத்தில் அக்காவையும் தங்கையையும் பக்கத்தில் பக்கத்தில் போடப்போகிறார்களாம். கையில் ஒரு குண்டைக் கொடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார்கள்.

சிரித்துவிட்டேன் அக்கா.

கொனாட்சு